நாக்கை நீட்டச் சொல்லுங்கள்

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை. போன மாதம் வரை முத்து முத்தாக எழுதிய கை இப்போது கோட்டைத் தாண்டி ஓடுகிறது. கரண்டியிலிருந்து பீன்ஸ் கறி மேசைத்துணியில் சிந்துகிறது. தோள் துள்ளுகிறது, புருவம் ஏறி இறங்குகிறது. "சும்மா உட்கார்" என்று அதட்டினால் ஆட்டம் இன்னும் கூடுகிறது. காரணமே இல்லாமல் பிள்ளை அழுகிறது. தூங்கியதும் எல்லாம் அடங்கிவிடுகிறது.

தைப்பூசக் காவடியில் அருள் வந்து ஆடுவதைப் பார்த்தே வளர்ந்த தென்னாப்பிரிக்க டர்பன் குடும்பத்தில், "சாமி வந்திருக்கு" என்று ஆயா நினைத்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அருள் மேளத்தோடு வரும், விபூதி இட்டால் தணியும். இந்த ஆட்டத்துக்கு நேரமும் கிடையாது, தாளமும் கிடையாது. பிள்ளை வேண்டுமென்று செய்வதும் இல்லை. தயவுசெய்து அடிக்காதீர்கள்.

இதன் பெயர் சிடன்ஹாம் கொரியா. ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் 1686-இல் விவரித்த நோய். கொரியா என்ற சொல் நடனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 5 முதல் 15 வயதுக்குள், ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும்.

ஆட்டம் கையில் தெரிந்தாலும் தொடக்கம் தொண்டையில். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொண்டையைப் புண்ணாக்குகிறது. அதை எதிர்க்க உடல் எதிர்ப்புரதங்களைத் தயாரிக்கிறது. அந்தப் பாக்டீரியாவின் சுவரில் உள்ள ஒரு சர்க்கரைக்கும் நம் மூளை நரம்பணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு பொருளுக்கும் சாயல் ஒன்று. எதிர்ப்புரதங்கள் ஆள் மாறி, மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் காங்க்லியாவைப் பிடிக்கின்றன. எந்த அசைவை விடுவது, எதை அடக்குவது என்று சலித்து அனுப்பும் பகுதி அது. அங்கே டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் வேகம் கூடிவிட்டால் அடக்க வேண்டிய அசைவுகளும் நழுவி வெளியே வருகின்றன. அதனால்தான் அசைவு ஓரிடத்தில் நில்லாமல் விரல், முகம், பாதம் என்று தாவுகிறது. ஒரே அசைவு திரும்பத் திரும்ப வந்து, சிறிது நேரமாவது அடக்க முடிந்தால் அது வேறு, டிக் என்ற வகை. கொரியாவில் சிலருக்கு உடலின் ஒரு பக்கம் மட்டுமே ஆடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். நாக்கை நீட்டி அரை நிமிடம் அப்படியே வைக்கச் சொல்லுங்கள். வைக்க முடியாது, பாம்பு நாக்குபோல உள்ளே போய் வெளியே வரும். உங்கள் இரண்டு விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடி இறுகும், தளரும், மறுபடி இறுகும், பால் கறப்பதுபோல. இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கச் சொன்னால் உள்ளங்கைகள் தாமாக வெளிப்புறம் திரும்பும்.

மருத்துவமனையில் தவறு நேர்வது பெரும்பாலும் ஓரிடத்தில். தொண்டை வலித்து 1 முதல் 6 மாதம் கழித்தே ஆட்டம் வரும். அதற்குள் தொண்டைச் சளியில் கிருமி இருக்காது, ரத்தத்தில் ஏஎஸ்ஓ (அந்தக் கிருமி வந்து போனதைக் காட்டும் எதிர்ப்புரதம்) அளவும் இறங்கியிருக்கலாம், மூளையின் எம்ஆர்ஐ படமும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். "ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்ப இது காரணமாகிவிடக் கூடாது. இதே ஆட்டத்தைத் தரக்கூடிய லூபஸ், வில்சன் நோய், மருந்தின் பக்கவிளைவு ஆகியவை இல்லையென்று உறுதியானால், கொரியா ஒன்றே ருமாட்டிக் காய்ச்சல் (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணுக்குப் பின் எதிர்ப்புரதங்கள் ஆள் மாறி உடலைத் தாக்கும் நோய்) என்று முடிவு செய்யப் போதும்.

அந்த முடிவில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. கையை ஆட்டுவிக்கும் அதே தவறு இதய வால்வையும் தின்னும். ஸ்டெதஸ்கோப்பில் முணுமுணுப்பு கேட்காத பிள்ளைக்கும் வால்வு கசிவு இருக்கலாம். இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ கட்டாயம் எடுக்க வேண்டும்.

ஆட்டம் கடுமையாக இருந்தால் அதை அடக்க வால்ப்ரோயேட் அல்லது ஹாலோபெரிடால் என்ற மருந்து கொடுப்பார்கள். லேசானது பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்தில் தானே அடங்கும். அடங்கியதும் குடும்பம் பென்சிலின் ஊசியை நிறுத்திவிடுகிறது. எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான். பென்சதைன் பென்சிலின் ஊசி ஆட்டத்துக்காகப் போடுவதல்ல, அடுத்த தொண்டைப் புண் வால்வை மறுபடி தாக்காமல் காக்கப் போடுவது. 30 கிலோவுக்குக் கீழ் 6 லட்சம் யூனிட், மேலே 12 லட்சம், தொடையின் ஆழத் தசையில், 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை. வால்வு நன்றாக இருந்தால் பொதுவாக 21 வயது வரை. கெட்டிருந்தால் 35 வரை, சிலருக்கு அதற்கும் மேலே. வலிக்கும், உண்மைதான். லிக்னோகைன் என்ற மரத்துப்போகும் மருந்தில் கரைத்துப் போட்டால் வலி குறையும், கேளுங்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு.

இந்தத் தடுப்பை ஆப்பிரிக்கா முழுவதும் கொண்டுபோக 2005-இல் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலைப்பகுதியில் மருத்துவர்கள் கூடித் திட்டம் வகுத்தார்கள். கேப்டவுன் இதய மருத்துவர் போங்கானி மயோசி அதில் முன்னின்றார். அவர்கள் வற்புறுத்திய இன்னொன்று தொண்டை வலி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணுக்கு 9 நாளுக்குள் பென்சிலின் கிடைத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். மாத்திரையாகத் தந்தால் முழு 10 நாளும் விழுங்க வேண்டும். மூன்றாம் நாள் வலி போனதும் மீதியை அலமாரியில் வைப்பது பலர் செய்யும் தவறு.

பெண் பிள்ளையானால் நோயின் பெயரைக் கிளினிக் அட்டையில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் கர்ப்பமும் பல ஆண்டு கழித்து ஆட்டத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். அன்று அவளைப் பார்க்கும் மருத்துவருக்குப் பழைய கதை தெரிந்திருக்காது.