மாத்திரை கொடுத்து எடுத்த சிறுநீரில் பாதரசம் வரத்தான் செய்யும்

மறுபடியும் அதே சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட். உலோகங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும், பாதரசத்துக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு தாளின் ஓரம் வரை நீண்டிருக்கும். இந்த முறை அதைக் கொண்டுவந்தவர்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு குடும்பம் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பையனுக்கு மூன்றரை வயது. ஆட்டிசம் என்று ஏற்கெனவே உறுதியானது. வெளியூரில் ஓர் இடத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்திருக்கிறார்கள். உடம்பில் சேர்ந்த பாதரசத்தை கீலேஷன் மருந்தால் இறக்கிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று சொல்லி முன்பணமும் கேட்டிருக்கிறார்கள். "இவ்வளவு சிவப்பா காட்டுதுங்களே டாக்டர், பட்டறையில இருந்து நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்துட்டனுங்களா?" என்று கேட்டார் அப்பா.

இல்லை. அவர் கொண்டுவரவில்லை. ஒரு தகப்பனை அப்படிக் கேட்கவைத்தவர்கள்மேல் எனக்கு வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சிவப்புக் கோடு எப்படி வந்தது என்று பொறுமையாகப் பார்ப்போம். சிறுநீர் எடுப்பதற்கு முன்னால் பையனுக்கு டிஎம்எஸ்ஏ என்ற கீலேஷன் மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். உலோகத்தைப் பிடித்துச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவதுதான் அந்த மருந்தின் வேலை. அடுத்த சில மணி நேரத்துச் சிறுநீரைச் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். ஆய்வகம் அளந்ததில் தவறு இருக்காது. ஆனால் பக்கத்துக் கட்டத்தில் 'இயல்பு அளவு' என்று அச்சடித்திருக்கிறதே, அது எந்த மருந்தும் சாப்பிடாதவர்களின் சிறுநீரிலிருந்து எடுத்த அளவு. மாத்திரை சாப்பிட்ட குழந்தையை மாத்திரை சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டுத்தான் 'அதிகம்' என்கிறார்கள். தூர் வாரிக்கொண்டிருக்கும் கிணற்றில் ஒரு குடம் மொண்டு, கலங்கல் என்று சொல்வதைப் போன்றது இது.

மீன் சாப்பிடுகிறவர்கள், பல்லில் பாதரசம் கலந்த வெள்ளி அடைத்தவர்கள் என்று எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் பாதரசம் உண்டு. அதே மருந்தை எனக்குக் கொடுத்தாலும் என் எண் ஏறும். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கும் அவன் அக்காவுக்குக் கொடுத்தாலும் ஏறும். அவளுக்கும் சிகிச்சை தேவை என்பார்களா? இன்னொன்று: இந்த எண்ணை, தசையிலிருந்து வரும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவால் வகுத்துத் தருகிறார்கள். சின்னக் குழந்தைகளுக்குச் சிறுநீரில் கிரியாட்டினின் குறைவு, அதனாலேயே விடை பெரிதாகிவிடும். அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி இப்படித் தூண்டி எடுக்கும் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை, கெடுதலும் நேரலாம் என்று அறிவித்து வெகுகாலம் ஆகிறது.

முடியைக் கத்தரித்து கூரியரில் அனுப்பும் பரிசோதனையும் நம்பத்தக்கதல்ல. 2001ல் அமெரிக்காவில் ஒரே ஆளின் முடியைப் பிரித்து ஆறு ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

சரி, பாதரசம் எங்கிருந்து வந்ததாம்? தடுப்பூசியிலிருந்து என்பார்கள். நம் அரசு மருத்துவமனைகளில் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட் ஊசியின் குப்பியில் தையோமெர்சால் என்ற பாதுகாப்புப் பொருள் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. அதிலிருப்பது எத்தில் பாதரசம். மீனில் இருக்கும் மெத்தில் பாதரசத்தைவிட வெகு வேகமாக உடம்பை விட்டுப் போய்விடுவது. டென்மார்க் 1992லேயே தையோமெர்சாலைக் கைவிட்டது. அமெரிக்கா 2001க்குள் குழந்தைகளுக்கான வழக்கமான ஊசிகளிலிருந்து அதை நீக்கியது. இரண்டு நாட்டிலும் ஆட்டிசம் கண்டறியப்படுவது குறையவில்லை, கூடியது. எல்லோரும் சந்தேகப்படும் தட்டம்மை ரூபெல்லா ஊசியில் தையோமெர்சால் இருந்ததே இல்லை. அதன் இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்தில் போடப்படுகிறது. வந்த பேச்சு நின்றுபோவதைப் பெற்றோர் கவனிக்கும் வயதும் அதுதான். காலம் ஒன்றாக இருப்பதால் காரணமும் அதுவே என்று தோன்றிவிடுகிறது.

பாதரசம் என்றால் நமக்குப் பயம் இருப்பது நியாயம். 2001ல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையைப் பற்றிக் கேட்டவர்கள்தானே நாம். ஆனால் பாதரச நஞ்சேறியவர்களுக்குக் கை நடுங்கும், கை கால் மரத்துப்போகும், பார்வை குறுகும், நடை தள்ளாடும். சிறுநீரகம் கெடலாம். அது ஆட்டிசத்தின் முகம் அல்ல.

இப்போது மருந்து. டிஎம்எஸ்ஏ மூளைக்குள் சரியாகப் போவதே இல்லை, மூளையில் இருப்பதாகச் சொல்லும் பாதரசத்தை அது எப்படி எடுக்கும்? உடம்புக்கு வேண்டிய துத்தநாகத்தையும் செம்பையும் இழுத்துக்கொண்டு போகும். வெள்ளையணுக்கள் குறையலாம், கல்லீரல் பாதிக்கப்படலாம். அழுகிய முட்டைபோல ஒரு வாடை வரும். அது மருந்திலிருக்கும் கந்தகத்தின் வாடை, 'விஷம் இறங்குகிறது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈய நஞ்சுக்குத் தரும் மருந்து இது; ஈயம் ஏறாத எலிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் கற்கும் திறன் நெடுநாள் குன்றியது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் ஆட்டிசக் குழந்தைகளிடம் நடத்தவிருந்த கீலேஷன் ஆய்வை 2008ல் கைவிட்டது. ஆட்டிசத்துக்கு கீலேஷன் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டனின் வழிகாட்டுதல் 2013லிருந்தே சொல்கிறது.

நரம்பில் ஏற்றும் இடிடிஏ என்ற இன்னொரு கீலேஷன் மருந்து இன்னும் ஆபத்து. அதில் இரண்டு வகை உண்டு, பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்று. டைசோடியம் வகை ரத்தத்திலிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயம் நின்றுவிடலாம். 2005 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் ஆட்டிசம் உள்ள 5 வயதுக் குழந்தை அப்படித்தான் இறந்தது.

"இல்லைங்க, எங்க சொந்தத்தில ஒரு பையனுக்கு இதனாலதான் பேச்சு வந்துச்சு" என்பார்கள். அதே மாதங்களில் அவனுக்குப் பேச்சுப் பயிற்சி நடந்ததா என்று கேட்டால் நடந்தது என்பார்கள். அவனுக்கு வயதும் ஏறியது. பாராட்டு மட்டும் மாத்திரைக்குப் போய்விடுகிறது. ஏற்காடு மலையில் இருக்கும் நாகலூரிலிருந்து அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கித் தவறாமல் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த ஒரு அம்மா, நகையை அடகு வைத்து கீலேஷனுக்குக் கட்டிவிட்டு, கட்டணம் தர முடியாமல் பயிற்சியை நிறுத்திவிட்டார். அந்தக் குழந்தை இழந்த மாதங்களை நான் எதைக் கொடுத்து ஈடுகட்டுவது?

உலோகப் பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண், சுவர்ப் பெயின்ட், கண்டதை எல்லாம் வாயில் வைக்கும் பழக்கம் பிள்ளைக்கு இருந்தால் ரத்தத்தில் ஈயம் பாருங்கள், எந்த மருந்தும் முன்னால் கொடுக்காமல். பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, பழைய வீட்டுச் சுவரில் அதற்கு முந்தையதும் உரியும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 5 மைக்ரோகிராம் ஈயம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும். குழந்தைகளுக்கு கீலேஷன் பரிந்துரைக்கப்படுவது 45ஐத் தொட்டால்தான், அதுவும் ஈய நஞ்சுக்கு, மருத்துவர் மேற்பார்வையில். ஆட்டிசத்துக்கு அல்ல. பரணியில் இருக்கும் லேகியம், பற்பம், செந்தூரம் எதையாவது கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், சிலவற்றில் பாதரசமும் ஈயமும் சேர்மானமாகவே இருக்கும்.

கொலுசுக்காரர் பையனுக்கு அப்படித்தான் ரத்தத்தில் ஈயம் பார்த்தோம். கவலைப்படும்படி எதுவுமில்லை. ஆனாலும் பட்டறை வைத்திருப்பவர்கள் வேலைத் துணியை மாற்றிக் கைகால் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். பற்றவைக்கும் வேலையை வீட்டுக்குள் வைக்காதீர்கள், ஆட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

கையில் இருக்கும் காசைப் பேச்சுப் பயிற்சிக்கும் தொழில்வழிப் பயிற்சிக்கும் (ஆக்குபேஷனல் தெரபி) வையுங்கள். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் கேட்டால் வழிகாட்டுவார்கள். ஊனச் சான்றிதழ் வாங்கியிருந்தால் தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீட்டில் சேருங்கள், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, பயிற்சிச் செலவிலும் ஒரு பகுதி கிடைக்கும்.

ஏற்கெனவே கீலேஷன் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பவர்களே, அடுத்த வேளையைக் கொடுக்காதீர்கள். மாத்திரை அட்டை, ஊசிக் குப்பி, ரிப்போர்ட், எது இருக்கிறதோ எடுத்துக்கொண்டு உங்கள் குழந்தை மருத்துவரிடம் போங்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், கால்சியம் பார்க்க வேண்டும். கீலேஷன் ஊசிக்குப் பிறகு பிள்ளை துவண்டாலோ, கை விரல் இழுத்துக்கொண்டாலோ, வலிப்பு வந்தாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. என்ன மருந்து ஏற்றினார்கள் என்பதை அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைத்துவிடாதீர்கள், தயவுசெய்து.