குற்றவாளி மயோனைஸ் பாட்டில் இல்லை

போன ஞாயிறு இரவு பத்தரை மணி. ஒரே குடும்பத்தில் ஏழு பேர், ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையைப் பிடித்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிறந்தநாள் விருந்தாம். ஏழு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்கு முதல் வாந்தி. என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அந்த வீட்டு அம்மா கைப்பையைத் திறந்து ஒரு மயோனைஸ் பாட்டிலை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

"இதுதான் டாக்டர். உருளைக்கிழங்கு சாலட்ல போட்டேன். கம்பெனிமேல கேஸ் போடலாமான்னு இவர் கேக்கறார்."

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். காலாவதியாக இன்னும் ஏழு மாதம் இருந்தது. அன்று மாலைதான் திறந்திருக்கிறார்கள். தொட்டால் இன்னும் ஜில்லென்றிருந்தது.

"கிழங்கை எப்போது வேகவைத்தீர்கள்?"

"நேத்து ராத்திரியே. குக்கர்ல வெச்சு அப்படியே மூடி அடுப்புமேல விட்டுட்டேன்."

"ஃப்ரிட்ஜில் வைக்கவில்லையா?"

"அப்ப அதுல மயோனைஸே கலக்கலையே டாக்டர்!"

அடுத்து, தோலை உரித்தது யார் என்று கேட்டேன். பின்னால் உட்கார்ந்திருந்த சித்தப்பா கையைத் தூக்கினார். வலது கட்டைவிரலில் நகச்சுற்று. அதன்மேல் பாதி உரிந்து, ஓரம் பழுப்பேறிய பிளாஸ்டர். கிழங்கோடு பன்னிரண்டு முட்டையையும் அவர்தான் உரித்தாராம்.

இந்த வருடத்தில் என் மேஜைக்கு வந்த ஆறாவது பாட்டில் அது. ஒவ்வொரு முறையும் இதே விளக்கத்தைத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன்.

கடையில் வாங்கும் மயோனைஸில் என்ன இருக்கிறது? எண்ணெய், முட்டை, வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, உப்பு. பெரும்பாலான தயாரிப்புகளில் முட்டை பாஸ்டரைஸ் செய்யப்பட்டது, அதாவது கிருமி சாகும்படி மிதமாகச் சூடாக்கப்பட்டது. வினிகர் சேர்வதால் மயோனைஸின் பி.எச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல்) ஏறக்குறைய 4, பல நேரம் அதற்கும் கீழே. நோய்க்கிருமிகள் பெரும்பாலும் இந்தப் புளிப்பில் வளராது. வளராதது மட்டுமல்ல, தவறி விழுந்தவையும் மெல்ல மெல்லச் செத்துப்போகும். வேகவைத்த உருளைக்கிழங்கோ அதற்கு நேர் எதிர். பி.எச் அளவு 5.5-லிருந்து 6 வரை. ஈரம் உண்டு, மாவுச்சத்து உண்டு, புளிப்பு கிடையாது. கிருமிக்கு மெத்தை விரித்து, தண்ணீர்ச் செம்பும் பக்கத்தில் வைத்த மாதிரி. ஆகவே கிண்ணத்துக்குள் சந்தேகப்பட வேண்டிய ஆட்களில் கடைசியில் நிற்க வேண்டியது மயோனைஸ்.

"அப்படியானால் மயோனைஸ் போட்ட சாலட் வெளியே இருந்தாலும் கெடாதா?" என்று அடுத்த கேள்வி வரும். கெடும். ஒரு கிலோ கிழங்கில் ஒரு கப் மயோனைஸ் கலந்தால் கிழங்கு அந்தப் புளிப்பை விழுங்கிவிடுகிறது. மயோனைஸ் சாலட்டைக் கெடுப்பதில்லை என்றுதான் சொல்கிறேன். அது சாலட்டைக் காப்பாற்றும் என்று நான் சொல்லவே இல்லை. இரண்டும் வேறு வேறு பேச்சு.

இதற்கு ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன் என்றால், இந்தத் தவறான நம்பிக்கை தன் பங்குக்கு ஆட்களைப் படுக்கவைக்கிறது. மயோனைஸ்தான் ஆபத்து என்று நினைப்பவர் அந்தப் பாட்டிலைப் பத்திரமாக ஃப்ரிட்ஜில் வைக்கிறார், வெந்த கிழங்கை இரவு முழுக்க அடுப்பு மேல் விட்டுவிடுகிறார். வேறு சிலர் உடம்புக்கு நல்லது என்று மயோனைஸை விட்டுவிட்டு க்ரீமும் பாலாடைக்கட்டியும் போடுகிறார்கள், வினிகரையும் சேர்த்துக் கைவிடுகிறார்கள். இருந்த கொஞ்சப் புளிப்பும் போயிற்று. "நாங்கதான் மயோனைஸே போடலையே" என்ற தைரியத்தில் கிண்ணம் மதியத்திலிருந்து மாலைவரை மேஜையிலேயே கிடக்கும்.

சரி, அந்த ஏழு பேர் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டரை மணி நேரத்தில் வாந்தி, காய்ச்சல் இல்லை. இது வயிற்றுக்குள் போய்க் கிருமி பெருகியதால் வந்ததல்ல. கிண்ணத்திலேயே அது சுரந்துவைத்த நஞ்சு செய்த வேலை. சித்தப்பாவின் கட்டைவிரலில் இருந்திருக்கக்கூடிய ஸ்டாஃபிலோகாக்கஸா, இரவெல்லாம் மூடிய குக்கருக்குள் விழித்துக்கொண்ட பேசில்லஸ் சீரியஸா என்று அடித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்றால் கிண்ணத்தைப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருந்தார்கள். பாட்டில் மட்டும் பத்திரமாக வந்திருந்தது!

பேசில்லஸ் சீரியஸ் மண்ணில் இருப்பது. கிழங்கும் மண்ணில் இருப்பது. அதன் வித்துகள் கொதிநீரில் சாகாது. கொதித்து அடங்கி வெதுவெதுப்பாகும்போது முளைக்கும். மூடிய குக்கரில் கிழங்கு ஆறுவதற்குப் பல மணி நேரம் ஆகும், அந்த நேரம் முழுக்க அதற்குக் கொண்டாட்டம். இந்த இரண்டு கிருமிகளின் வாந்தி நஞ்சும் மறுபடி சூடாக்கினாலும் அழியாது. "நல்லா முகர்ந்து பாத்தோம் டாக்டர், வாசனை ஒண்ணும் மாறல" என்பார்கள். மாறாது. புளித்த வாடை அடிக்கவைப்பது வேறு கிருமிகளின் வேலை.

இனி, ஒழுங்கான சாலட் எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். ருசிக்கு நல்லது எதுவோ அதுவே இங்கே பாதுகாப்புக்கும் நல்லதாக அமைந்துவிடுகிறது. அதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

முதலில் கிழங்கு. வெந்ததும் மாவாக உதிரும் ரகம் மசியலுக்கு. சாலட்டுக்கு வெந்தாலும் இறுக்கமாக, மெழுகுபோல் வழவழப்பாக நிற்கும் ரகம் வேண்டும். எது எது என்று தெரியவில்லையா? ஒரு பங்கு உப்பை 11 பங்கு தண்ணீரில் கரைத்து அதில் கிழங்கைப் போடுங்கள். மாவு ரகம் மூழ்கும், இறுக்கமான ரகம் மிதக்கும். பச்சை பிடித்த கிழங்கையும் முளை விட்டுச் சுருங்கியதையும் தூக்கிப் போடுங்கள். பச்சை நிறத்தால் கெடுதல் இல்லை, ஆனால் அதோடு சேர்ந்து சொலனைன் என்ற நஞ்சு ஏறியிருக்கும். வேகவைத்தால் அது போகாது. லேசாக ஓரத்தில் மட்டும் பச்சை என்றால் அந்த இடத்தை ஆழமாகச் செதுக்கிவிடலாம். சாப்பிடும்போது கசந்தால் துப்பிவிடுங்கள்.

அடுத்தது பலருக்குப் பிடிக்காத யோசனை. முழுக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, பிறகு உரிப்பதுதான் ருசி என்பார்கள். இருக்கட்டும். ஆனால் வெந்த பிறகு உரித்தால், வெந்த கிழங்கின் ஒவ்வோர் அங்குலத்திலும் விரல் படுகிறது. நான் பச்சையாகவே தோல் சீவி, கழுவி, முக்கால் அங்குலத் துண்டுகளாக வெட்டித்தான் வேகவைக்கிறேன். அதற்குப் பிறகு என் கை அதைத் தொடுவதே இல்லை, கரண்டிதான். குக்கர் வேண்டாம், குழைந்துவிடும். திறந்த பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீரிலேயே கிழங்கைப் போட்டு, தாராளமாக உப்பும் ஒரு மேஜைக்கரண்டி வினிகரும் சேர்த்து அடுப்பை மூட்டுங்கள். கொதிநீரில் போட்டால் வெளிப்பக்கம் குழைந்து நடுப்பக்கம் நறுக்கென்று நிற்கும். வினிகர், துண்டின் ஓரம் கரையாமல் பிடித்துவைக்கும். கொதி வந்ததும் தீயைக் குறைத்தால் பத்து நிமிடத்துக்குமேல் கவனம் தேவை. கத்தி நுனி தடையில்லாமல் இறங்கவேண்டும், தூக்கினால் துண்டு கத்தியிலிருந்து தானாக நழுவவேண்டும்.

வடித்தவுடன் அகலமான தட்டில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தால் மற்றதில் பாதியை மன்னித்துவிடுவேன். ஆவி பறந்து கிழங்கின் மேற்பரப்பு காயும், அதனால் சாலட் பிறகு தண்ணீர் விடாது. வேகமாக ஆறும், அதனால் கிருமிக்கு நேரம் கிடைக்காது. சூடாக இருக்கும்போதே கிலோவுக்கு மூன்று மேஜைக்கரண்டி வினிகரைத் தெளித்துவிடுங்கள். சூட்டில்தான் கிழங்கு அதை உள்ளே இழுக்கும். ஆறிய பிறகு ஊற்றினால் மேலேயே வழிந்து நிற்கும். சப்பென்று இருக்கிறதே என்று சாலட்டைப் பற்றிக் குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தப் படிதான்.

அரை மணியில் ஆவி அடங்கிவிடும். தட்டோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள். "சூடா வெச்சா ஃப்ரிட்ஜ் கெட்டுப்போயிடும்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார், கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது. கொதிக்கும் அண்டாவை உள்ளே வைக்கச் சொல்லவில்லை ஐயா. வெதுவெதுப்பான தட்டைத் தாங்கத்தான் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. உணவகங்களுக்கு வகுத்த கணக்கு இது: சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்கியாக வேண்டும். தட்டில் பரப்பினால் நீங்கள் வெப்பமானியைத் தேடவே வேண்டியதில்லை.

கிழங்கு நன்றாகக் குளிர்ந்த பிறகே மயோனைஸ். சூட்டில் கலந்தால் எண்ணெய் பிரிந்து கிழங்கின்மேல் மினுங்கும். வெங்காயம், செலரி, வெள்ளரி எது போட்டாலும் கழுவி, இறைச்சி நறுக்காத பலகையில் நறுக்குங்கள். கொஞ்சம் கடுகு விழுது, மிளகு, அவ்வளவுதான். முட்டையை மஞ்சள்கரு கெட்டியாகும்வரை வேகவைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உரியுங்கள். கையில் புண்ணோ நகச்சுற்றோ இருப்பவர், அன்று வாந்தி பேதியில் கிடப்பவர் இருவரும் சமையலறைப் பக்கம் வராமல் ஓய்வெடுக்கட்டும். உதவி செய்யத் துடிப்பவரிடம் நாற்காலி எடுத்துப்போடச் சொல்லுங்கள்.

மயோனைஸை வீட்டிலேயே கடைகிறவர்கள் மட்டும் என்னிடம் திட்டு வாங்கலாம். பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். பாஸ்டரைஸ் செய்த முட்டை கிடைத்தால் கடையுங்கள், இல்லாவிட்டால் கடைப் பாட்டிலே மேல். கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், கீமோதெரபி எடுப்பவர் இருக்கிற வீட்டில் இதில் பேச்சுக்கே இடமில்லை.

பரிமாறும்போது முழுக் கிண்ணத்தையும் மேஜைக்குக் கொண்டுவராதீர்கள். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம், தீர்ந்தால் ஃப்ரிட்ஜிலிருந்து இன்னொரு கிண்ணம். பழையதன் தலையில் புதியதைக் கொட்டாதீர்கள். வெளியே இரண்டு மணி நேரம்தான் கெடு, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். அதற்குமேல் நின்றது குப்பைக்கு. மனசு வரவில்லை என்று எடுத்து உள்ளே வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வராத சாலட் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள்.

இதெல்லாம் ஒரு நாள் அவஸ்தையோடு போகிற சங்கதி. போகாத ஒன்றும் இருக்கிறது. 2015-ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு தேவாலய விருந்தில் உருளைக்கிழங்கு சாலட்டால் 29 பேருக்கு பொட்டுலிசம் (கிருமி நஞ்சு நரம்புகளை முடக்கும் நோய்) வந்து, ஒருவர் இறந்துபோனார். அங்கேயும் கிழங்குதான் காரணம். வீட்டிலேயே ஜாடியில் அடைத்துவைத்த கிழங்கு, அதுவும் பிரஷர் கேனர் (ஜாடிகளைக் கொதிநீரைவிட அதிகச் சூட்டில் பதப்படுத்தும் அழுத்தக் கலன்) இல்லாமல் வெறும் கொதிநீரில் பதப்படுத்தியது. அதற்கு முன் 1994-ல் டெக்சஸின் எல் பாசோவில் ஓர் உணவகத்தில் 30 பேர். அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட கிழங்கைச் சுற்றியபடியே வெளியில் விட்டுவைத்து, பிறகு மசித்துத் தொடுகறி செய்திருந்தார்கள். பொட்டுலிசக் கிருமி காற்றில்லாத இடத்தில்தான் வளரும். தாளுக்குள் காற்று இல்லை, சூடு மட்டும் இருந்தது. சுட்ட கிழங்கில் சாலட் செய்கிறவர்கள் தாளைச் சூட்டோடு பிரித்துவிடுங்கள். தயவுசெய்து.

சாப்பிட்ட சில மணி நேரத்திலோ சில நாளிலோ பார்வை இரட்டையாகத் தெரிந்தாலும், இமை தானாகத் தொங்கினாலும், விழுங்கவோ பேசவோ முடியாமல் போனாலும் வீட்டில் கைவைத்தியம் பார்க்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சாதாரண வாந்தி பேதிக்கு ஓஆர்எஸ் கரைசலை ஒரு வாய், ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு வாய் என்று குடித்தால் போதும். ஏற்கெனவே சுரந்த நஞ்சை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது, அதனால் "ஒரு ஊசி போட்டு விடுங்களேன்" என்று மல்லுக்கட்டாதீர்கள். மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் எது இருந்தாலும் உடனே வாருங்கள்.

வரும்போது பாட்டில் வேண்டாம். கிண்ணத்தைக் கழுவாமல், மிச்சத்தை மூடி போட்ட டப்பாவில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வாருங்கள். கிழங்கு எத்தனை மணிக்கு வெந்தது, எங்கே ஆறியது, யார் உரித்தார் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அந்தக் கட்டைவிரலைக் கீறிச் சீழ் எடுக்க வேண்டியிருக்கும்.