தன்னோம்பல்: 'செல்ஃப் ஹோஸ்டிங்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

செல்ஃப் ஹோஸ்டிங் என்றால்: படங்கள், கோப்புகள், நாள்காட்டி, கடவுச்சொற்கள் என்று நம் அன்றாடத் தரவை ஒரு நிறுவனத்தின் கிளவுடில் வைக்காமல், நம் கட்டுப்பாட்டில் உள்ள கணினியில் நாமே மென்பொருளை நிறுவி நடத்துவது. தமிழில் இதைத் 'தன்னோம்பல்' என்று சொல்லலாம் என்பது என் கட்சி.

இதற்குப் பெரிய சாதனம் எதுவும் வேண்டாம். ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினி போதும். ஒதுக்கி வைத்த பழைய லேப்டாப் இன்னும் நல்லது. கரண்ட் போனாலும் அதன் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். என் வீட்டில் டிவிக்குப் பின்னால் இருப்பது அப்படி ஒன்றுதான். அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். அதன்மேல் படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கும் நாள்காட்டிக்கும் நெக்ஸ்ட்கிளவுட், விளம்பரங்களைத் தடுக்கப் பை-ஹோல். படங்களில் உள்ள முகங்களை அடையாளம் காணும் வேலையைக்கூட இம்மிச் வீட்டுக் கணினியிலேயே முடித்துக்கொள்கிறது. குழந்தையின் முகம் வெளியே எங்கும் போவதில்லை. இவை எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள். கட்டற்ற என்றால் இலவசம் என்று பொருளல்ல. மூலநிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை உண்டு என்று பொருள். 2010இல் தொடங்கிய ஓன்கிளவுடிலிருந்து 2016இல் நெக்ஸ்ட்கிளவுட் தனியாகப் பிரிந்து வர முடிந்தது அந்த உரிமையால்தான்.

சரி, ஹோஸ்ட்டுக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் லத்தீன் மூலம் 'ஹோஸ்பெஸ்'. அந்த ஒரே சொல் விருந்து கொடுப்பவரையும் குறிக்கும், விருந்துக்கு வந்தவரையும் குறிக்கும். ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல் மூன்றும் இதன் பிள்ளைகள். இதற்கு ஒரு பொல்லாத உறவும் உண்டு: 'ஹோஸ்டிஸ்'. முதலில் அந்நியன் என்று இருந்து, பிறகு பகைவன் என்று ஆன சொல். வாசலில் நிற்கும் புதியவர் விருந்தாளியா எதிரியா என்ற சந்தேகம் அந்த வேரிலேயே இருந்திருக்கிறது.

கணினிக்கு இது வந்தது 1960களின் இறுதியில். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்கியபோது பல்கலைக்கழகங்களில் இருந்த பெரிய கணினிகளை ஹோஸ்ட் என்று அழைத்தார்கள். அதன் நெறிமுறைகளைப் பதிவுசெய்த ஆர்எஃப்சி ஆவணங்களில் முதலாவதை ஸ்டீவ் கிராக்கர் 1969 ஏப்ரலில் எழுதினார்; அதன் தலைப்பே 'ஹோஸ்ட் சாஃப்ட்வேர்'. எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்பது பின்னாளில் ஒரே ஒரு பட்டியலில் இருந்தது; எல்லோரும் அதைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். 1983இல் பால் மாக்கபெட்ரிஸ், பெயரைக் கேட்டால் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் முறையை வடிவமைத்த பிறகு அந்தப் பட்டியலுக்கு அவசியம் இல்லாமல் போனது. ஆனாலும் அதன் வாரிசாக ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு இன்றும் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இருக்கிறது. திறந்து பார்த்தால் 127.0.0.1 என்ற எண்ணும் பக்கத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரும் தென்படும். 'நீ தேடுவது நீயேதான்' என்று கணினி தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் வரி அது.

சர்வர் வேறு. அது லத்தீனில் அடிமையைக் குறிக்கும் 'செர்வுஸ்' என்பதிலிருந்து கிளைத்தது. தமிழ்நாட்டில் கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே சர்வர் வந்துவிட்டார்: ஓட்டலில் இட்லி கொண்டுவந்து வைப்பவர். ஆக, விருந்து கொடுப்பவர் ஹோஸ்ட், பரிமாறுபவர் சர்வர். கணினியிலும் அப்படித்தான். இயந்திரம் ஹோஸ்ட், அதில் ஓடிக்கொண்டு, கேட்டதை எடுத்துக் கொடுக்கும் நிரல் சர்வர். பேச்சில் இரண்டையும் கலந்துவிடுகிறோம். டிவிக்குப் பின்னால் இருக்கும் பெட்டியை எங்கள் வீட்டில் எல்லோரும் சர்வர் என்றுதான் சொல்கிறார்கள், நான் உட்பட.

தமிழில் சர்வருக்கு வழங்கி, சேவையகம் என்ற இரண்டும் புழக்கத்தில் உள்ளன. எனக்கு வழங்கி பிடிக்கும். வினைச்சொல்லோடு ஒட்டி நிற்கிறது, நீளமும் இல்லை. ஹோஸ்டுக்குத்தான் சிக்கல். புரவன், புரவல் என்று சிலர் எழுதுகிறார்கள். புரத்தல் என்றால் காத்தல், அது சரிதான். ஆனால் புரவலன் என்றதும் பரிசில் தரும் மன்னரும் வாங்க வரும் புலவரும் கண்முன் வந்துவிடுகிறார்கள். தனக்குத்தானே புரவலனாக இருப்பதை என்னவென்று சொல்வது?

மிச்சம் இருப்பது ஓம்பல். விருந்தோம்பலில் இருப்பதால் ஹோஸ்டுக்கு நேராகப் பொருந்துகிறது என்பது மேலோட்டமான காரணம்தான். திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள்: 'இருந்தோம்பி இல்வாழ்வ தெல்லாம் விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு.' ஒரே குறளில் இரண்டு ஓம்பல். பின்னது விருந்தினரைப் பேணுவது. முன்னது வீட்டில் இருந்து நம் பொருளைக் காத்துக்கொள்வது. செல்ஃப் ஹோஸ்டிங் செய்பவர் செய்வது அந்த முன்னதைத்தான். குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தால் பின்னதும் சேர்ந்துகொள்கிறது.

இன்னொரு பொருளும் உண்டு. 'நல்லது செய்தல் ஆற்றீர் ஆயினும், அல்லது செய்தல் ஓம்புமின்' என்கிறது புறநானூறு 195. இங்கே ஓம்புதல் என்றால் தவிர்த்தல், விலக்குதல். காப்பதும் விலக்குவதும் ஒரே வினைச்சொல்லுக்குள். லத்தீனில் ஹோஸ்பெஸ், ஹோஸ்டிஸ் என்று பிரிந்து நின்றதைத் தமிழ் வேறு வழியில் தொட்டிருக்கிறது.

வீட்டில் இதைச் செய்துபார்த்தவர்களுக்கு இந்த இரண்டு பொருளும் சட்டென்று விளங்கும். மென்பொருளை நிறுவுவது ஒரு மாலை வேலை. அப்புறம் வருவதெல்லாம் பேணுதல்தான்: அப்டேட் போடுவது, வட்டு நிரம்புகிறதா என்று பார்ப்பது, நகல் எடுப்பது. நகலுக்கு 3-2-1 என்று ஒரு பழைய விதி உண்டு: 3 பிரதிகள், 2 வகை ஊடகங்கள், அவற்றில் 1 வீட்டுக்கு வெளியே. மனைவி கேட்பது ஒரே கேள்விதான்: "போட்டோ எல்லாம் பத்திரமா இருக்குல்ல?" ஓம்புதலுக்கு இதைவிட நல்ல பேச்சுவழக்குச் சொல் இல்லை. பத்திரமாகப் பார்த்துக்கொள்வது.

விலக்குதல் பக்கம் பை-ஹோல். விளம்பரக் கம்பெனிகளின் இணையப் பெயர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் முகவரி 0.0.0.0 என்று சொல்லிவிடும். விளம்பரத்தைத் தேடிப் போகும் கோரிக்கை எங்கும் போய்ச் சேராது. அந்தப் பட்டியல்களில் பல, மேலே சொன்ன ஹோஸ்ட்ஸ் கோப்பின் வடிவத்திலேயே இருப்பது ஒரு வேடிக்கை. ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலை, திறந்து வைக்காமல் இருப்பதும் இதே கணக்குத்தான். நம் ஊரில் பல வீடுகளுக்குத் தனிப் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை. பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்வதால் வெளியிலிருந்து நேராக உள்ளே வரவும் முடியாது. வெளியூரில் இருக்கும்போது வீட்டுக் கணினியைத் தொட, பொது முகவரி உள்ள கணினி ஒன்றை இடையில் வைத்து, வயர்கார்டு என்ற மென்பொருள் வழியே மறைகுறியாக்கிய சுரங்கப்பாதை போட்டுக்கொள்வது ஒரு வழி. 2020இல் லினக்ஸின் கெர்னலிலேயே அது சேர்ந்துவிட்டதால் அதற்கான கெர்னல் பகுதியைத் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை.

இதை வைத்துச் சொற்களைப் பிரித்துக்கொள்ளலாம். ஹோஸ்ட் செய்தல் ஓம்புதல், ஹோஸ்ட் ஓம்பி, வெப் ஹோஸ்டிங் வலையோம்பல். 'ஓம்புகிறேன்' என்று டீக்கடையில் சொன்னால் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். அங்கே 'வீட்டு சர்வர்ல வெச்சிருக்கேன்' போதும். ஆவணத்திலும் செயலியின் மொழிபெயர்ப்பிலும் ஓம்பல் நன்றாகவே உட்காருகிறது.

வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினியில் நெக்ஸ்ட்கிளவுட் போட்டால் அதுவும் தன்னோம்பலா? மென்பொருளும் கடவுச்சொல்லும் நம் கையில் இருப்பதால் ஆம் என்பேன். வட்டு வேறொருவர் கட்டடத்தில் இருப்பதால் அதை வீட்டோம்பல் என்று மட்டும் சொல்ல முடியாது. தனியுரிமைக்காக இதில் இறங்குபவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

நிரலாளர்களிடையே செல்ஃப் ஹோஸ்டிங் என்பதற்கு முற்றிலும் வேறு பொருளும் இருக்கிறது: தன் மூலநிரலைத் தானே தொகுத்துக்கொள்ளும் தொகுப்பி (கம்பைலர், அதாவது நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்). 1962இல் எம்ஐடியில் லிஸ்ப் என்ற நிரல்மொழிக்கு அப்படி ஒன்றை எழுதினார்கள். அங்கே விருந்தும் இல்லை, வீடும் இல்லை. அதற்குத் தன்னோம்பலை இழுக்காமல், தற்றொகுப்பு என்று தனிச்சொல் வைத்துக்கொள்வது நல்லது.