மயிலாடையின் பச்சை

மேரி கர்ஸனின் உருவப்படத்தை வில்லியம் லாக்ஸ்டேல் என்ற ஆங்கிலேய ஓவியர் 1909இல் வரைந்தார். மேரி 1906 ஜூலையிலேயே இறந்துவிட்டார், வயது 36. முன்னால் வந்து நிற்க ஆள் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் அவர் அணிந்திருக்கும் உடை அப்போதும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. இங்கிலாந்தின் டார்பிஷயரில் கெடில்ஸ்டன் ஹால் என்ற மாளிகையில் படம், உடை இரண்டையும் பார்க்கலாம். உடையைப் பார்த்த பிறகு படத்தைப் பார்த்தால் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருக்கும். குறை ஓவியர் கையில் இல்லை. பெயின்ட் என்ற பொருளாலேயே செய்ய முடியாத ஒரு வேலை அந்த உடையில் நடக்கிறது.

மேரி அமெரிக்கப் பெண். அப்பா லீவை லைட்டர் சிகாகோவில் மார்ஷல் ஃபீல்டுடன் கூட்டு சேர்ந்து துணி வியாபாரம் செய்து பெரும் பணக்காரர் ஆனவர். 1895 ஏப்ரலில் மேரி திருமணம் செய்துகொண்ட ஜார்ஜ் கர்ஸன், ஸ்கார்ஸ்டேல் பிரபுவின் மூத்த மகன். அந்தக் காலத்தில் இது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது: அமெரிக்காவில் பணம் இருந்தது, பட்டம் இல்லை, இங்கிலாந்தில் பட்டம் இருந்தது, கூரை ஒழுகியது. அதே 1895 நவம்பரில் கொன்சுவேலோ வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கப் பணக்காரப் பெண் மார்ல்பரோ பிரபுவை மணந்தபோது 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள் கைமாறின. வரதட்சணை நம் ஊர்ச் சரக்கு மட்டும் இல்லை. அப்படிப் போன பெண்களை ஜான் சிங்கர் சார்ஜென்ட் போன்ற ஓவியர்கள் வரைந்தார்கள். மேரியின் தங்கை டெய்சியை சார்ஜென்ட் 1898இல் வரைந்தார். டெய்சியும் பின்னால் ஒரு பிரபுவைத்தான் மணந்தார்.

சரி, உடைக்கு வருவோம். கர்ஸன் 1899இல் இந்தியாவின் வைஸ்ராய் ஆனார். 1903 ஜனவரியில் எட்வர்டு மன்னரின் முடிசூட்டை ஒட்டி தில்லி தர்பார் நடந்தது. பெரும் பஞ்சம் ஒன்று முடிந்து ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். செங்கோட்டையில் நடந்த நடன விருந்துக்கு மேரி அணிந்து வந்தது மயிலாடை. தில்லிக் கைவினைஞர்கள் பொன், வெள்ளி ஜரிகையால் துணி முழுக்க மயிலிறகு இறகாக ஜர்தோசி வேலை செய்தார்கள். துணி பாரிஸுக்குப் போய், வொர்த் நிறுவனத்தில் கவுனாகத் தைக்கப்பட்டுத் திரும்பியது. ஒவ்வோர் இறகின் கண்ணிலும் பச்சையாக ஒன்று மின்னியது. பார்த்தவர்களில் பலர் மரகதம் என்றே நினைத்தார்கள். அது வண்டின் சிறகு.

தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வண்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தீப்பெட்டியில் இலை போட்டு வளர்த்த பொன்வண்டுதான். இந்தியப் பூவேலைகளில் அதிகம் பயன்பட்டது ஸ்டெர்னோசெரா என்ற பேரினம். நம் பொன்வண்டும் அதைச் சேர்ந்ததே. பறக்க உதவும் மெல்லிய சிறகுகளை மூடிக் காக்கும் கெட்டியான முன்சிறகு இரண்டும்தான் பச்சை ஓடுகள். வளர்ந்த வண்டு சில வாரங்களே உயிரோடு இருக்கும். அந்த ஓடுகளை அப்படியே குத்தினால் விரிசல் விடும் என்பதால் ஆவியில் காட்டி இளக்கி, ஓரம் நறுக்கி, ஊசியால் துளையிட்டுத் தைப்பார்கள்.

இப்போது அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது? இலையிலோ பெயின்டிலோ இருப்பது நிறமி. வெள்ளை ஒளியில் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிக்கொண்டு, மிச்சமான பச்சையை எல்லாப் பக்கமும் சிதறவிடும். பொன்வண்டின் பச்சைக்குப் பச்சை நிறமி எதுவும் வேண்டாம். ஓட்டின் மேல்பரப்பில் மிக மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒரு அடுக்கில் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் அளவு, கொஞ்சம் குறைவு, அடுத்ததில் மெலனின் என்ற கருநிறமி சேர்ந்திருப்பதால் கொஞ்சம் கூடுதல், மறுபடி குறைவு. ஒவ்வோர் எல்லையிலும் ஒளியில் சிறு பங்கு திரும்பும். ஒரு ஜோடி அடுக்கின் தடிமன் சுமார் 170 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தலைமுடியின் அகலத்தில் இப்படி நானூறு ஜோடிக்கு மேல் அடுக்கலாம். அந்தத் தடிமனுக்கு, ஏறக்குறைய 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி எல்லா அடுக்கிலிருந்தும் ஒரே தாளத்தில் திரும்பி வரும். முகடோடு முகடு சேர்ந்து பலம் கூடும். மற்ற நிறங்கள் தாளம் தவறி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அல்லது உள்ளே போய்க் கருநிற மெலனினில் அடங்கிவிடும். மழை பெய்த சாலையில் சிந்திய பெட்ரோல் வண்ணம் காட்டுவதும் இதே கணக்கில்தான். அங்கே ஒரே ஒரு படலம், அதனால் வண்ணம் வெளிறித் தெரியும். இங்கே பல அடுக்கு.

ஓட்டைச் சாய்த்தால் பச்சை மெல்ல நீலத்துக்கு நகரும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒளி சாய்வாக உள்ளே போனால் அது நடக்கும் தூரம் கூடும், ஆகவே நிறம் சிவப்புப் பக்கம் போக வேண்டும் என்றுதான் மனது சொல்லும். ஆனால் மேலடுக்கில் திரும்பிய கதிரும் சாய்வாகவே போகிறது. அந்த இரண்டு கதிர்களும் நடக்கும் தூரத்தில் உள்ள வித்தியாசம்தான் கணக்கு; சாய்வு கூடக்கூட அது குறைகிறது. குறுகிய அலைநீளம், அதாவது நீலம், தாளத்தில் சேர்கிறது.

மயிலிறகும் இதே குடும்பம்தான். அங்கே நுண்ணிய மெலனின் குச்சிகள் சுமார் 150 நானோமீட்டர் இடைவெளியில் வரிசை கட்டி நிற்கின்றன. இடைவெளி ஒரு பத்துப் பதினைந்து நானோமீட்டர் மாறினால் நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும். மயிலிறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊடே பாருங்கள், வெறும் பழுப்பு. மயிலின் கண்ணைக் காட்ட வண்டின் ஓட்டைத் தேர்ந்தெடுத்த தில்லிக்காரர் இயற்பியல் படித்திருக்க மாட்டார். ஆனால் அவர் கண் சரியாகவே தேர்ந்தெடுத்திருக்கிறது.

ஓவியரின் கஷ்டம் இப்போது புரியும். பெயின்டில் எவ்வளவு நல்ல வெள்ளை பூசினாலும் அது தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசைக்கும் பங்கு போட்டுவிடும். வண்டின் அடுக்கடுக்கான ஓடு பச்சையை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். அந்தத் திசையில் நம் கண் இருந்தால் பக்கத்தில் உள்ள எதையும்விடப் பளிச்சென்று தெரியும். அடுத்த நொடி உடுத்தியவர் ஓர் அடி நகர்ந்தால் அணைந்துவிடும், வேறோர் ஓடு பற்றிக்கொள்ளும். நடனத்துக்கென்றே செய்த மாதிரி. ஓவியத் திரையில் நேரம் நகராது. அதனால் ஓவியர்கள் நம் மூளையை ஏமாற்றுகிறார்கள்: சுற்றிலும் இருட்டாக வைத்து, நடுவில் கெட்டியான ஒரு வெளிர் பொட்டு. சிறிய, கூர்மையான வெளிர்ப்புள்ளியைச் சுற்றி இருள் இருந்தால் மூளை அதைப் ‘பளபளப்பு’ என்றே வாசிக்கிறது. நடிகை எலன் டெரி லேடி மாக்பெத்தாக அணிந்த உடையிலும் வண்டுச் சிறகுகள் உண்டு. 1889இல் சார்ஜென்ட் அதை வரைந்தபோது ஓடு ஓடாக எண்ணி வரையாமல், நீலமும் பச்சையுமாகத் தூரிகையை வீசிவிட்டார். கிட்டே போனால் வெறும் கோடுகள், தள்ளி நின்றால் மினுமினுப்பு. என் கண்ணுக்கு லாக்ஸ்டேலின் பொறுமையைவிட இந்த அவசரமே உண்மைக்கு அருகில் வருகிறது.

அப்புறம், காலம். சாயம் வெளுப்பது எதனால்? புற ஊதா ஒளி அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை உடைப்பதால். பொன்வண்டில் உடைய வேண்டிய சாயமே இல்லை. அடுக்குகளின் இடைவெளி குலையாதவரை நிறம் இருக்கும். ஜெர்மனியின் மெஸ்ஸல் பகுதியில் 4 கோடியே 70 லட்சம் ஆண்டு பழமையான வண்டுப் புதைபடிவங்கள் இன்னும் உலோகப் பளபளப்போடு கிடைக்கின்றன. ஜரிகையின் விதி வேறு. அது வெள்ளிக் கம்பியின் மேல் பூசிய மெல்லிய தங்க முலாம். தங்கம் கறுக்காது. ஆனால் முலாமின் நுண்துளை வழியே காற்றிலுள்ள கந்தகச் சேர்மம் வெள்ளியைத் தொட்டு, கறுப்பான வெள்ளி சல்பைடு ஆகிவிடும். பாட்டியின் பட்டுப்புடவை ஜரிகைக்கு நடப்பதேதான்.

அதனால் கெடில்ஸ்டனில் இன்று பொன் மங்கிவிட்டது, பச்சை மங்கவில்லை. அந்தப் பொன் ஒரு காலத்தில் எப்படி மின்னியது என்று தெரிந்துகொள்ள லாக்ஸ்டேலின் படத்திடம்தான் போக வேண்டும். பட்டுக்கும் துணிக்கும் கேடு வரக் கூடாது என்பதற்காக அருங்காட்சியகங்கள் பழைய ஆடைகளுக்குப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) என்ற மங்கலான அளவுக்கே விளக்கு வைக்கும். வண்டுக்கு அந்தப் பாதுகாப்பு தேவையில்லை, அதற்கு வேண்டியது வெளிச்சமும் அசைவும். உடை இப்போது அசைவதில்லை. கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நாம்தான் இடமும் வலமுமாக நடந்து பார்க்க வேண்டும்.