ரிப்ஸ், சேர்விஸ் சார்ஜ், சந்தோசம்: மூண்டுக்கும் மூண்டு கருத்து

போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில இருந்து மச்சான் குடும்பத்தோட வந்து நிண்டவர். ஒருநாள் பின்னேரம் எல்லாரும் வெளிய சாப்பிடப் போனம், ஏசி போட்ட பெரிய இடம், பேர் வேண்டாம். பில்லு வந்துது. சாப்பாடு 7,800, அதுக்குக் கீழ சேர்விஸ் சார்ஜ் 10 வீதம் 780, மொத்தம் 8,580. மச்சான் அந்த 780 ஐ விரலால தொட்டுக்காட்டி "ரிப்ஸ் நான் மனசாரக் குடுக்கிறது, இவை தாங்களே எழுதி எடுக்கிறதோ" எண்டு காசு மேசையடிக்குப் போனார். அங்க நிண்டவர் "ஐயா அது ரிப்ஸ் இல்லை" எண்டு சொல்ல, இவர் "ரெண்டும் ஒண்டுதானே" எண்டு சொல்ல, குரல் ஏறிப்போச்சு. கடைசியில காசைக் கட்டிப்போட்டு, எங்களுக்கு ரெண்டாந்தரம் மூண்டாந்தரம் எண்டு சொதி கொண்டுவந்து ஊத்தின பெடியனுக்கு ஒரு சதமும் குடுக்காமல் வெளிக்கிட்டம். அவன் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு "போட்டு வாங்கோ" எண்டவன். எனக்கு அது கனநாள் மனசில கிடந்தது.

யோசிச்சுப் பாத்தால், அண்டைக்கு மச்சான் ரெண்டு வேற சாமானுக்கு ஒரு பேரை வைச்சுக்கொண்டு கதைச்சவர்.

முதல்ல ரிப்ஸ். இங்கிலிஷில ஒருமை 'டிப்', நாங்கள் பன்மைக்கு வாற 'ஸ்' ஐயும் சேர்த்து ஒருமையாக்கிப்போட்டம், 'ஒரு ரோல்ஸ்' எண்டு சொல்லுற மாதிரி 'ஒரு ரிப்ஸ்'. சுறுக்கா வேலை நடக்கிறதுக்குக் குடுக்கிற காசு எண்ட கருத்தில மூண்டு இங்கிலிஷ் சொல்லின்ர முதலெழுத்தைச் சேர்த்து உண்டாக்கின சொல் இது எண்டு ஒரு கதை வாட்ஸ்அப்பில சுத்துது, அது பிழை. அப்பிடி முதலெழுத்தைச் சேர்த்துச் சொல் செய்யிற பழக்கமே 20ஆம் நூற்றாண்டுக்கு முதல் பெரிசா இல்லை, ஆனால் இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டில இங்கிலாந்துக் கள்ளர் தங்களுக்குள்ள பேசின பாசையில 'குடு, கைமாத்து' எண்ட கருத்தில இருந்தது, அடுத்த நூற்றாண்டிலதான் வேலைக்காரருக்குக் குடுக்கிற சின்னக் காசுக்குப் பேராச்சு.

மச்சானிலயும் பெரிய பிழை சொல்லேலாது. அவர் இருக்கிற ஊரில காட் மெசினே எத்தினை வீதம் எண்டு கேட்கும், 15 குடுத்தாலும் சிலவேளை முகம் சுருங்கும். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில மது பரிமாறுற ஆக்களுக்கு 2021 முடியுமட்டும் மற்றவையை விடக் குறைஞ்ச அடிப்படைச் சம்பளம்தான், ரிப்ஸ் வரும்தானே எண்ட நியாயத்தில, 2022 ஜனவரி 1இலதான் அதைச் சமப்படுத்தினவை. அங்க அது சம்பளத்தின்ர ஒரு துண்டு மாதிரித்தான் வளர்ந்தது.

சேர்விஸ் சார்ஜ் வேற. அது கடை போடுற விலை. தமிழில சேவைக்கட்டணம் எண்டு நேராச் சொல்லலாம், நல்ல சொல், மெனு அட்டையில முதல் பக்கத்திலயே அடிச்சு விட்டால் பாதிச் சண்டை குறையும். இலங்கையில பெரிய சாப்பாட்டு இடங்களில இது வழமையா 10 வீதம், அதுக்கு மேல பெறுமதி சேர் வரிக்கு (வற்) பதிஞ்ச இடம் எண்டால் 18 வீதம் அந்த வரியும் வரும் (2024 ஜனவரிக்கு முதல் 15), மெனுவில விலைக்குப் பக்கத்தில ரெண்டு கூட்டல் அடையாளம் போட்டிருந்தால் இந்த ரெண்டையும்தான் சொல்லுது. சின்னத் தேத்தண்ணிக் கடையளில பெரும்பாலும் ரெண்டும் இல்லை. ஆனால் அங்கயும் வெளிநாட்டுப் பிள்ளையள் தடுமாறுறவை, தட்டு நிறைய வடையும் ரோல்ஸும் பற்றிஸும் கொண்டுவந்து வைச்சால் சும்மா தந்தது எண்டு ஒரு பிள்ளை நினைக்கும், எல்லாத்துக்கும் காசு கட்டவேணும் எண்டு மற்றது பயப்பிடும். தின்ட கணக்குக்குத்தான் காசு, மிச்சம் திரும்பிப் போகும்.

சரி, ரிப்ஸுக்குத் தமிழ் என்ன? இனாம் எண்டு சிலர் எழுதுறவை. அது அரபுச் சொல், உருது வழியா வந்தது, இப்ப அதுக்கு 'சும்மா கிடைக்கிறது' எண்ட கருத்து ஏறிப்போச்சு, உழைச்ச ஆளுக்கு அந்தச் சொல்லைப் போடக்கூடாது. அன்பளிப்பு எண்டால் கலியாண வீட்டு ஞாபகம் வருது. எங்கட ஊரில வாயில வாற சொல் சந்தோசம். தேங்காய் பிடுங்க வாறவருக்குக் கூலியைக் குடுத்து, மேல ஒரு நூறு ரூபா வைச்சு "இது சந்தோசத்துக்கு" எண்டு அம்மா சொல்லுவா. வடமொழிச் சொல்தான், இருந்தாலும் குடுக்கிற ஆளின்ர மனசு அதுக்குள்ள இருக்கு, வாங்கிற ஆளும் கூசாமல் வாங்கலாம். சிங்களத்திலயும் இதே சொல்லை இதே கருத்தில பாவிக்கினம். கந்தோரில பைல் நகரக் குடுக்கிற லஞ்சத்துக்கும் இதே பேரை வைச்சிருக்கினம், அதுதான் எனக்குக் கோவம். லஞ்சத்தை லஞ்சம் எண்டே சொல்லுங்கோ, இந்தச் சொல்லை அழுக்காக்காதேங்கோ.

தனித்தமிழ்தான் வேணும் எண்டால் பரிசில் இருக்கு, புலவர் வள்ளலிட்டப் பெற்றது. புறநானூறு 208இல பெருஞ்சித்திரனார் அதியமானிட்டப் போறார், அவன் ஆளைக் காணாமலே பொருளைக் குடுத்து அனுப்பிவிடுறான். புலவர் வாங்கேல்லை. "காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" எண்டுறார், தினையளவு எண்டாலும் தன்னை அறிஞ்சு விரும்பித் தந்தால் போதும் எண்டுறார். சேவைக்கட்டணத்துக்கும் சந்தோசத்துக்கும் நடுவில இருக்கிற வித்தியாசத்தை இதை விட வடிவா ஆரும் சொன்னதா எனக்குத் தெரியேல்லை. கடையில போய் பரிசில் எண்டு கேட்டால் ஒருத்தருக்கும் விளங்காது, அதால சந்தோசமே இருக்கட்டும் எண்டுதான் நான் சொல்லுவன்.

இதையெல்லாம் மச்சானுக்குச் சொல்ல, பயணத்துக்கு ரெண்டு நாள் முன்னம் அதே இடத்துக்குத் திரும்பப் போனம். பெடியன் அண்டைக்கு லீவு. 10 வீதத்தை மாசக் கடைசியில எல்லாருக்கும் பிரிப்பினம், கோப்பை கழுவுற அக்காவுக்கும் அதில பங்கிருக்கு எண்டு காசு மேசையில நிண்டவர் ஆறுதலா விளங்கப்படுத்தினார். மச்சான் ஆயிரம் ரூபாத் தாளை எடுத்து "அந்தத் தம்பியிட்டக் குடுத்து விடுங்கோ" எண்டு நீட்ட வெளிக்கிட்டார், நான் கையைப் பிடிச்சிட்டன். அடுத்தநாள் காலமை பிளேன்ரீ குடிக்கிற சாட்டில போனம், பெடியன் நிண்டவன். மச்சான் எழும்பிப் போய் "தம்பி, இது உமக்கு, அண்டைக்குக் குடுக்க மறந்திட்டன்" எண்டு கையில வைச்சார். அவன் முதல்ல காசு மேசைப் பக்கம் பாத்திட்டு, பிறகுதான் வாங்கினவன்.