ரிமாண்ட் என்றால் விசாரணைக் காவல்

"பையனை நாலு நாள் ரிமாண்ட் பண்ணிட்டாங்க" என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாய் சொன்னால், தண்டனையே கிடைத்துவிட்டதாக அக்கம்பக்கம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் இன்னும் குற்றம்கூடச் சாட்டப்படவில்லை.

லத்தீனில் 'ரெ' என்றால் திரும்ப, 'மண்டாரே' என்றால் கையில் ஒப்படைப்பது. ஆங்கிலத்தின் வழியே மலாய்க்கு வந்து 'ரெமான்' ஆனது. வேர்ப்பொருள் மாறவில்லை: 24 மணி நேரத்துக்குள் போலீஸ் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துகிறது, அவர் திரும்பப் போலீஸ் கையிலேயே ஒப்படைக்கிறார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆம் பிரிவுப்படி, 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனைக்குரிய குற்றமானால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள் வரை. 14 ஆண்டோ அதற்கு மேலோ ஆனால் முதலில் 7 நாள், பிறகு மறுபடி 7 நாள் வரை.

நம் நாளிதழ்கள் இதைத் 'தடுப்புக் காவல்' என்று எழுதுவது பிழை. வழக்கே இல்லாமல் ஈராண்டு வரை அடைத்துவைக்கும் பொக்கா எனும் குற்றத் தடுப்புச் சட்டத்துக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். இலங்கைத் தமிழர் 'விளக்கமறியல்' என்கிறார்கள். அங்கே விளக்கம் என்பது வழக்கு விசாரணை, மறியல் என்பது சிறைக்காவல். அருமையான சொல்தான், ஆனால் இங்கே மறியல் என்றதும் சாலையை மறிப்பதே நினைவுக்கு வரும். 'விசாரணைக் காவல்' போதும், யாருக்கும் புரியும்.

மனநோயாளி பிடிபடும்போது, இது தண்டனையல்ல, விசாரணைதான் என்ற இந்தத் தெளிவு உயிர்காக்கும். மக்கள்தொகையில் இந்தியர் ஏறக்குறைய 7 விழுக்காடு. லோக்கப் மரணங்களில் அவர்களின் பங்கு அதைவிடப் பெரிது. மாத்திரை நின்றால் பலருக்கு முதலில் தூக்கம் போகும், பிறகு காதில் குரல்கள் திரும்பும். பதில் சொல்லாமல் வெறிப்பவனைத் திமிர் பிடித்தவன் என்றும், கத்துபவனைக் கஞ்சா அடித்தவன் என்றும் எண்ணிவிடுவார்கள். இந்திய இளைஞன் என்றால் 'கேங்' முத்திரையும் சேர்ந்துகொள்ளும். 2001 மனநலச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகப் போலீசுக்கு அதிகாரம் தருகிறது. குற்றம் சாட்டிய பிறகு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் ஒரு மாதம் வரை மருத்துவக் கண்காணிப்புக்கு அனுப்பலாம்.

ஆனால் நோய் இருப்பது தெரிந்தால்தானே? கிளினிக் அட்டையின் நகல், மாத்திரையின் பெயர், அளவு, கடைசியாகச் சாப்பிட்ட நாள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி விசாரணை அதிகாரியிடம் ஒன்று, இலவசச் சட்ட உதவி வழக்கறிஞரிடம் ஒன்று கொடுக்க வேண்டும். 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்ற ஏச்சுக்கு அஞ்சிக் குடும்பங்கள் அந்த அட்டையைத்தான் முதலில் ஒளிக்கின்றன. அங்குள்ள மனநல மருத்துவமனையின் பெயர் பஹாகியா, நம் 'பாக்கியம்' பிறந்த அதே வடமொழி வேரில் பிறந்த சொல். அட்டை அலமாரியிலேயே கிடந்தால், மாஜிஸ்திரேட் முன் இருப்பது போலீஸ் நாட்குறிப்பு மட்டும்.