பங்கேற்புக் கலையா, ஊடாட்டக் கலையா?

போன மாதம் கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரு கறுப்புச் சுவர் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு டப்பா நிறைய சாக்பீஸ். ஊர் ஊராக வந்து இறங்குகிறவர்கள் அவரவர் மொழியில் எழுதலாம், வரையலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் மேலே பெரிய எழுத்தில் ‘ஊடாட்டப் பொதுக்கலை’ என்று இருந்தது. சுக்குக்காப்பி விற்கிற அண்ணாச்சி ஒருவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதத் தொடலாமா, தொடப்பிடாதா?"

இந்த ‘ஊடாட்ட’த்தை எத்தனையோ அழைப்பிதழ்களில் பார்த்தாயிற்று. இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

வருகிறவர்களும் சேர்ந்து செய்கிற இந்த மாதிரிக் கலையை ஆங்கிலத்தில் ‘பார்ட்டிசிபேட்டரி ஆர்ட்’ என்பார்கள். அதிலுள்ள ‘பார்ட்டிசிபேட்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘பார்ஸ்’ என்றால் பங்கு, ‘கப்பெரே’ என்றால் எடுத்தல். தமிழில் பங்கு + ஏற்பு. பகு, பகிர், பங்கு எல்லாம் ஒரே குடும்பம். பொருத்தமான சொல் கையிலேயே இருக்கிறது.

ஊடாடுதல் என்றால் இடையே புகுந்து புழங்குதல். கணினிக்காரர்கள் ‘இன்டராக்டிவ்’ என்பதற்கு அதை எடுத்துக்கொண்டார்கள், அங்கே சரி. பொத்தானை அழுத்தினால் திரை பதில் சொல்லும். அழுத்தியவர் போன பிறகு, பெரும்பாலும் அவருடையது என்று அங்கே எதுவும் மிஞ்சாது. இந்தச் சுவர் அப்படியா? 2011இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கேண்டி சாங் என்ற கலைஞர் ஒரு பாழடைந்த வீட்டுச் சுவரைக் கரும்பலகையாக்கி, ‘சாவதற்கு முன் நான்…’ என்று தொடங்கி மீதியைக் காலியாக விட்டார். தெருவில் போனவர்கள் நிரப்பினார்கள். பிறகு பல நாடுகளில், பல மொழிகளில் அதே சுவர் எழுந்தது. யாரும் எழுதாவிட்டால் அது வெறும் சுவர்தான். எழுதியவருக்கு அதில் பங்கு உண்டு.

பங்கு என்றால் என்னவென்று நம் கடற்கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த சமூகத்துக்கும் பங்கு என்றுதான் பெயர், அதன் சாமியார் பங்குத்தந்தை. சின்ன வயதில் குளச்சலில் கரமடி, அதாவது கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கிற பெரிய மீன்வலை, இழுக்கும்போது நானும் கயிற்றைப் பிடித்திருக்கிறேன். நான் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை. மடி கரையேறியதும் என் கையிலும் நாலு சாளை மீன் வந்து விழுந்தது. செதில் ஒட்டிய கையோடு வீட்டுக்கு ஓடினேன். அது ஊடாட்டம் இல்லை, பங்கேற்பு.

இன்னொரு கூட்டம் ‘பார்வையாளர் பங்கேற்புக் கலை’ என்கிறது. சாக்பீஸைக் கையில் எடுத்த பிறகு அவர் எப்படிப் பார்வையாளர் ஆவார்? சொல்லுக்குள்ளேயே முரண்.

‘பொதுக்கலை’யிலும் எனக்கு ஒரு மனக்குறை. பொது அறிவு, பொது மருத்துவம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது குறிப்பிட்ட வகை சேராத ஏதோ ஒரு கலையாகத்தான் படும். இடத்தைச் சொல்ல வேண்டுமென்றால் பொதுவிடக் கலை என்றே சொல்லலாம். முழுப்பெயர் வேண்டுவோர் ‘பொதுவிடப் பங்கேற்புக் கலை’ என்று எழுதட்டும். நீளம்தான், ஆனால் விளங்கும்.

மொழிபெயர்க்கிறவர்கள் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கிறார்கள், அகராதியைப் பார்க்கிறார்கள். அந்தச் சுவரையும் அதன் முன்னால் நிற்கிற ஆளையும் பார்ப்பதில்லை. கலைச்சொல் கட்டுரைக்கு வேண்டும், மறுக்கவில்லை. சுவருக்கு மேலே ‘நீங்களும் எழுதலாம்’ என்று தமிழில் போட்டு, அடியில் மலையாளத்திலும் இந்தியிலும் அதையே எழுதியிருந்தால், அண்ணாச்சி என்னிடம் கேட்டிருக்கவே மாட்டார்.